கிறிஸ்துமஸ் எப்போது முடிகிறது? மூன்று ராஜாக்கள் திருநாளின் பொருளும் அதை வீட்டில் கொண்டாடும் முறையும்

கேள்வி இதுதான்: டிசம்பர் 25-ஓடு கிறிஸ்துமஸ் முடிந்துவிட்ட பிறகு ஜனவரி முதல் வாரத்தில் வருகிற மூன்று ராஜாக்கள் திருநாளுக்குத் தனியாக என்ன பொருள்? விண்மீனைப் பார்த்துக் குழந்தை இயேசுவைத் தேடி வந்த ஞானிகள், அதாவது நாம் மூன்று ராஜாக்கள் என்கிறவர்கள், பிறப்பன்று இரவே வந்தார்களா? குடிலை எந்த நாளில் கலைப்பது? அன்றைக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டிசம்பர் 25-ஓடு கிறிஸ்துமஸ் முடிவதில்லை. கத்தோலிக்க வழிபாட்டு நாள்காட்டியின்படி கிறிஸ்து பிறப்புக் காலம் டிசம்பர் 24 மாலைச் செபத்தில் தொடங்கி, யோர்தான் ஆற்றில் இயேசு திருமுழுக்குப் பெற்றதை நினைக்கும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. அதாவது ஜனவரி இரண்டாம் வாரம் வரை. நடுவில் நிற்கும் மலைதான் திருக்காட்சிப் பெருவிழா. ஊரில் வழங்கும் பெயர் மூன்று ராஜாக்கள் திருநாள். ஆனால் நம் பங்குகளில் நடப்பது என்ன? டிசம்பர் முதல் நாளிலிருந்தே கேரல் பவனி, கேக், வாழ்த்து எல்லாம் ஓடி, புத்தாண்டுத் திருப்பலியோடு மூச்சு நின்றுவிடுகிறது. ஞானிகள் வருகிற ஞாயிறன்று பாதிக் குடில்கள் பெட்டிக்குள் போய்விடுகின்றன. இதனால் விழாவின் பாதிப் பொருள் நமக்குக் கிடைக்காமலேயே போகிறது. பிறந்தவர் யார் என்று டிசம்பர் 25 சொல்கிறது. யாருக்காகப் பிறந்தார் என்பதைத் திருக்காட்சி சொல்கிறது.

முதல் பாதியை எடுத்துக்கொள்வோம். கிறிஸ்து பிறப்புக்கு மூன்று திருப்பலிகள் தனித்தனி வாசகங்களோடு இருக்கின்றன. நள்ளிரவுத் திருப்பலியில் லூக்கா 2:1-14, வானதூதர் இடையர்களுக்குச் செய்தி சொல்வது வரை. விடியற்காலைத் திருப்பலியில் லூக்கா 2:15-20, இடையர்கள் போய்ப் பார்த்துத் திரும்புவது. பகல் திருப்பலியில் யோவான் 1:1-18. நள்ளிரவுப் பூசை பார்த்தவர்கள் பெரும்பாலும் பகலில் வருவதில்லை என்பதால் இந்த மூன்றாவது வாசகம் பலர் காதில் விழுவதே கிடையாது. அதில் தீவனத்தொட்டி இல்லை, இடையர் இல்லை, மரியாவின் பெயர்கூட இல்லை. "வாக்கு மனிதர் ஆனார், நம்மிடையே குடிகொண்டார்" என்ற ஒரு வரிதான் அதன் உச்சம். குடிலில் நாம் காணும் அத்தனையும் அந்த ஒரு வரிக்கான விளக்கம். நம்பிக்கை அறிக்கையில் ஆண்டு முழுவதும் அந்த இடத்தில் தலை வணங்குகிறோம். டிசம்பர் 25-லும், இயேசு கருவானதை நினைக்கும் மார்ச் 25-லும் மட்டும் முழந்தாளிடச் சொல்கிறது திருப்பலி நூல். அது ஏன் என்று பீடச் சிறுவர்களுக்கும் மறைக்கல்வி மாணவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பேர் முழந்தாளிடுவார்கள், மீதிப் பேர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

440 முதல் 461 வரை உரோமை ஆயராக இருந்த பெரிய லியோ தம் கிறிஸ்து பிறப்பு மறையுரையில், "கிறிஸ்தவனே, உன் மாண்பை உணர்ந்துகொள்" என்றார். கடவுள் மனித இயல்பை எடுத்துக்கொண்டார் என்றால் மனித உடம்பு, உழைப்பு, பசி எதுவும் இனி இழிவானதல்ல. எளிய வீட்டுக் குழந்தையைப் பார்த்து அதைச் சொல்ல முடியும் என்பதுதான் கிறிஸ்துமஸின் துணிவு.

சரி, ஞானிகள் அன்றிரவே வந்தார்களா? நற்செய்தியைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் இல்லை என்றே தோன்றும். லூக்காவில் இடையர்கள் வருகிறார்கள், ஞானிகள் இல்லை. மத்தேயுவில் ஞானிகள் வருகிறார்கள். இடையர்களும் தீவனத்தொட்டியும் இல்லை. மத்தேயு 2:11-இல் அவர்கள் ஒரு வீட்டுக்குள் போகிறார்கள். குழந்தையையும் தாய் மரியாவையும் காண்கிறார்கள். யோசேப்பு அந்த வசனத்தில் பேசப்படவில்லை. விண்மீன் தோன்றிய காலத்தை ஞானிகளிடம் கேட்டறிந்த ஏரோது, அந்தக் கணக்கின்படி இரண்டு வயதும் அதற்கு உட்பட்டதுமான ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொல்கிறான். இன்னொரு குறிப்பும் உண்டு. நாற்பதாம் நாளுக்குரிய சடங்கில் யோசேப்பும் மரியாவும் கொடுத்தது ஒரு சோடி மாடப்புறாக்கள் அல்லது இரு புறாக்குஞ்சுகள் என்ற அளவிலான காணிக்கை (லூக்கா 2:24). ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவர்களுக்கு லேவியர் நூல் 12:8 அனுமதிக்கும் காணிக்கை அது. பொன் அதற்கு முன்பே கையில் வந்திருந்தால் ஆட்டுக்குட்டி வாங்கியிருப்பார்கள் என்று விளக்கவுரையாளர்கள் சொல்வதுண்டு. ஊகம்தான், ஆனால் நியாயமான ஊகம். இரு நற்செய்தியாளர்களும் தனித்தனியாக எழுதியதை நம் குடில் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்திருக்கிறது. அதில் தவறில்லை, எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருந்தால் போதும்.

எண்ணிக்கையும் அப்படியே. மூவர் என்று மத்தேயு சொல்லவில்லை. காணிக்கை மூன்று, அதனால் ஆள் மூவர் ஆனார்கள். உரோமையின் நிலத்தடிக் கல்லறைகளில் தொமித்தில்லா கல்லறை ஓவியத்தில் நால்வரும், பேதுரு-மார்செல்லினுஸ் கல்லறையில் இருவரும் வருகிறார்கள். சிரிய மரபு பன்னிருவர் என்கிறது. ராஜாக்கள் ஆனது திருப்பாடல் 72-ஆலும் எசாயா 60-ஆலும். "அரசர்கள் காணிக்கைகளைக் கொண்டு வருவார்கள்" என்ற பொருளில் திருப்பாடலும், ஒட்டகங்கள், பொன், சாம்பிராணி என்று எசாயாவும் பேசுகின்றன. குடிலில் நிற்கும் ஒட்டகம் மத்தேயுவிலிருந்து வரவில்லை, எசாயா 60:6-இலிருந்து வந்தது. எருதும் கழுதையும்கூட நற்செய்தியில் இல்லை; எசாயா 1:3-இலிருந்து வந்தவை. 1223-இல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் வைக்கோலும் உயிருள்ள எருதும் கழுதையும் வைத்து நள்ளிரவுப் பூசை ஏற்பாடு செய்ததிலிருந்து அவற்றுக்குக் குடிலில் நிரந்தர இடம். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்கள் இரவென்னாவின் புனித அப்போலினாரிஸ் புதிய ஆலயத்தில் உள்ள 6-ஆம் நூற்றாண்டு மொசைக் படத்தின் மேல் காணப்படுகின்றன. அவர்களுடையவை என்று போற்றப்படும் எலும்புகளை 1164-இல் பேராயர் ரைனால்ட் மிலானிலிருந்து ஜெர்மனியின் கொலோனுக்குக் கொண்டுபோனார். இன்று நாம் பார்க்கும் கொலோன் பேராலயத்தை 1248-இல் கட்டத் தொடங்கியதே அந்தத் திருப்பண்டங்களை நாடி வந்த கூட்டத்துக்காகத்தான்.

விண்மீனைப் பற்றி நிறையப் பேர் நிறைய நேரம் செலவிடுகிறார்கள். கி.மு. 7-இல் வியாழனும் சனியும் ஒரே ஆண்டில் மும்முறை நெருங்கின. 1603-இல் அந்த இரண்டும் நெருங்கியதைப் பார்த்த வானியலாளர் கெப்ளர் கணக்குப் போட்டு அந்தப் பழைய நெருக்கத்தைப் பிறப்போடு இணைத்தார். சுவையான செய்தி. ஆனால் மறையுரையின் பாதி நேரம் வானியலில் போனால், கேட்கிறவர்கள் பெத்லகேமுக்கு வந்து சேரவே மாட்டார்கள்.

அதைவிட அடிக்கடி எழும் கேள்வி வேறு. "ஞானிகள் நட்சத்திரம் பார்த்துத்தானே வந்தார்கள், நாம் ஜாதகம் பார்த்தால் என்ன?" இதற்கு 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரிய கிரகோரியார் தம் திருக்காட்சி மறையுரையிலேயே பதில் சொல்லிவிட்டார்: குழந்தை விண்மீனை நோக்கி ஓடவில்லை, விண்மீன்தான் குழந்தையை நோக்கி ஓடியது. பிறந்தவரின் விதியைக் கோள் எழுதவில்லை; பிறந்தவருக்குக் கோள் பணிவிடை செய்கிறது. 4-ஆம் நூற்றாண்டின் மறையுரையாளர் யோவான் கிறிசோஸ்தோம் இன்னொரு பக்கத்திலிருந்து சொல்கிறார்: விண்மீன் பார்த்துப் பழகியவர்களைக் கடவுள் அவர்களுக்குப் பழகிய வழியிலேயே கூப்பிட்டார். ஆனால் அவர்கள் முதலில் வந்து சேர்ந்தது எருசலேமுக்குத்தான் என்பதைக் கவனியுங்கள். அங்கிருந்து பெத்லகேம் என்ற ஊர்ப் பெயரை அவர்களுக்குக் கொடுத்தது மீக்கா 5-ஆம் அதிகாரம். படைப்பு தேட வைக்கிறது. எங்கே என்பதை இறைவாக்கு சொல்கிறது. அங்கே போய்க் கண்டபின் ஜாதகத்துக்கு வேலை இல்லை.

இந்த எருசலேம் காட்சிதான் எனக்குத் திருக்காட்சியின் நடு நரம்பாகப் படுகிறது. ஏரோது தலைமைக் குருக்களையும் மறைநூல் அறிஞர்களையும் கூட்டி, மெசியா எங்கே பிறப்பார் என்று கேட்கிறான். அவர்கள் தயங்கவில்லை, சரியான வசனத்தைச் சரியாகச் சொல்கிறார்கள். எருசலேமிலிருந்து பெத்லகேம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர். நடந்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அவர்களில் ஒருவர்கூடப் போனதாக மத்தேயு எழுதவில்லை. வசனம் தெரியாத வெளியூர்க்காரர்கள் பாலைவழி வந்து பணிகிறார்கள். வசனத்தை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஏரோதுக்கும் அதே வசனம் கிடைத்தது. அவன் அதை ஆள் அனுப்பிக் கொல்லப் பயன்படுத்தினான். ஒரே இறைவார்த்தை மூன்று விதமாக உள்ளே போனது. மறைக்கல்வி ஆசிரியர், உபதேசியார், குருவானவர், வாசகம் வாசிப்பவர் என்று வேதத்தைக் கையில் வைத்திருக்கும் எல்லாருக்கும் இந்த வாசகம் கடுமையானது. அதை மென்மையாக்கிச் சொல்லக் கூடாது.

இதற்குத் துணையாகத் திருச்சபை வைத்திருக்கும் இரண்டாம் வாசகம் எபேசியர் 3:2-3, 5-6. பிற இனத்தாரும் உடன் உரிமையாளர், ஒரே உடலின் உறுப்பினர், வாக்குறுதியின் உடன் பங்காளிகள் என்கிறார் பவுல். ஆங்கிலிக்கன் மன்றாட்டு நூல் இந்த விழாவுக்கு வைத்த பெயரே கிறிஸ்து புறஜாதியாருக்கு வெளிப்பட்ட நாள் என்பதுதான். தமிழ்க் கிறிஸ்தவர்கள் எல்லாரும் இந்த வாசகத்தில் வருகிற பிற இனத்தார். நாம் யாரும் பெத்லகேமில் சொந்த வீட்டுக்காரர்கள் இல்லை. வெளியிலிருந்து வந்து வாசலில் ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள். அப்படி உள்ளே வந்தவர்கள், இன்னொருவரைச் சாதியின் பேரால் வாசலில் நிறுத்துவதும், கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்புவதும், தேர்ப்பவனி இந்தத் தெருவுக்கு வராது என்பதும் எபேசியர் 3:6-ஐ வாயால் வாசித்துக் கையால் அழிப்பது. இந்த வாசகத்தைப் பிரசங்கிக்கும்போது அதைப் பேசாமல் விட்டால், விழாவைக் கொண்டாடியதாகச் சொல்ல முடியாது.

காணிக்கைகளுக்கு வருவோம். 2-ஆம் நூற்றாண்டில் ஆயர் இரேனேயு சொன்ன விளக்கம் இன்றும் நிற்கிறது: பொன் அரசருக்கு, சாம்பிராணி கடவுளுக்கு, வெள்ளைப்போளம் சாகப்போகிறவருக்கு. இதில் வெள்ளைப்போளத்தைத்தான் நாம் விரைவாகக் கடந்துவிடுகிறோம். அது ஒரு மரப்பிசின், கசக்கும், பிணத்துக்கு இடும் நறுமணப் பொருள்களில் ஒன்று. இயேசுவின் வாழ்க்கையில் அது இன்னும் இருமுறை வருகிறது. சிலுவையில் அறையும்போது வெள்ளைப்போளம் கலந்த திராட்சை இரசத்தைக் கொடுக்கிறார்கள், அவர் குடிக்கவில்லை (மாற்கு 15:23). அடக்கத்துக்கு நிக்கதேம் வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து ஏறக்குறைய நூறு இராத்தல் கொண்டுவருகிறார் (யோவான் 19:39). தொட்டில் அருகே வைத்த பொருளே கல்லறைக்கும் போகிறது. டிசம்பர் 28-இல், ஏரோது கொன்ற குழந்தைகளை நினைக்கும் மாசில்லாக் குழந்தைகள் விழாவைத் திருச்சபை வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். பிறப்பு எந்த உலகத்தில் நடந்தது என்பதை மறக்கவிடாமல், கிறிஸ்துமஸின் எட்டு நாள் கொண்டாட்டமான எண்கிழமைக்கு உள்ளேயே இரத்தத்தையும், எகிப்துக்கு ஓடிய அகதிக் குடும்பத்தையும் நினைக்க வைக்கிறது. அந்த நாளைக் குழந்தைகளின் விளையாட்டு விழாவாக மட்டும் நடத்தும் பங்குகள், அந்தக் கொலையைப் பற்றி மத்தேயு 2:18 சொல்லும் ராமாவில் கேட்ட அழுகுரலையும் வாசித்துவிட்டு விளையாட்டைத் தொடங்கலாம்.

வரலாற்றில் எது முதலில் என்று பார்த்தால் திருக்காட்சிதான் மூத்தது போலத் தெரிகிறது. ஏறக்குறைய கி.பி. 200-இல் எழுதிய அலெக்சாந்திரியா கிளமெந்து, எகிப்தில் பசிலிதேஸ் என்ற போதகரின் சீடர்கள் ஜனவரி மாதத்தில் இயேசுவின் திருமுழுக்கைக் கொண்டாடியதைக் குறிப்பிடுகிறார். டிசம்பர் 25-ஐப் பிறப்பு நாளாகக் காட்டும் மிகப் பழைய உறுதியான பதிவு உரோமையின் 354-ஆம் ஆண்டு நாள்காட்டித் தொகுப்பில் இருக்கிறது. அதிலுள்ள பட்டியல் 336-ஐச் சேர்ந்தது. 386-இல் அந்தியோக்கியாவில் பேசிய கிறிசோஸ்தோம், டிசம்பர் விழா தங்கள் ஊருக்குத் தெரியவந்து பத்து ஆண்டுகூட ஆகவில்லை என்கிறார். கிழக்கிலிருந்து ஜனவரி 6 மேற்கே வந்தது, மேற்கிலிருந்து டிசம்பர் 25 கிழக்கே போனது. 567-இல் பிரான்சின் தூர் நகரில் கூடிய ஆயர்கள் சங்கம் இரண்டுக்கும் இடைப்பட்ட பன்னிரண்டு நாளையும் ஒரே கொண்டாட்டக் காலமாக அறிவித்தது. டிசம்பர் 25-ஐ ஏன் தேர்ந்தார்கள் என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. 274-இல் பேரரசர் ஔரேலியன் ஊக்குவித்த வெல்லப்படாத கதிரவன் வழிபாட்டுக்கு மாற்றாக வைத்தார்கள் என்பது ஒன்று. மார்ச் 25-ஐ இயேசு கருவான நாளாகக் கொண்டு ஒன்பது மாதம் எண்ணினார்கள் என்பது மற்றொன்று. அறிஞர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். பிறந்த தேதி நற்செய்தியில் இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

அர்மீனியத் திருச்சபை இன்றும் பிறப்பையும் திருமுழுக்கையும் சேர்த்து ஜனவரி 6-இல் கொண்டாடுகிறது. உருசிய மரபுவழித் திருச்சபையின் ஜனவரி 7 வேறு கதை. அது பழைய ஜூலியன் நாள்காட்டியின் டிசம்பர் 25, பதின்மூன்று நாள் தள்ளி விழுகிறது. இந்த இரண்டையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

கிழக்கில் திருக்காட்சியின் மையம் ஞானிகள் அல்லர், யோர்தான். வானம் திறந்து, தூய ஆவி இறங்கி, தந்தையின் குரல் கேட்கும் திருமுழுக்கில்தான் மூவொரு கடவுள் வெளிப்படுகிறார் என்பதால் அன்று தண்ணீரை மந்திரிப்பார்கள். நமக்குப் பக்கத்திலேயே இதைப் பார்க்கலாம். கேரளத்தின் சிரிய மரபுக் கிறிஸ்தவர்கள் இதைத் தனஹா என்கிறார்கள். இராக்குளிப் பெருநாள் என்பதும் பிண்டிப் பெருநாள் என்பதும் அதன் வேறு பெயர்கள். வாழைத்தண்டை நட்டு, அதில் விளக்குகளைக் குத்தி வைத்து ஒளியாக வந்தவரைப் பாடுவது இரிஞ்ஞாலக்குடாவில் பெரிய விழா. கோவாவில் 1555-இல் கட்டிய ரெய்ஸ் மாகோஸ் கோயிலுக்குப் பெயரே ஞானிகளின் பெயர். ஜனவரி 6-இல் சிறுவர்கள் ராஜாக்களாக வேடமிட்டு வருகிறார்கள். மேற்கத்திய மரபும் இதை மறக்கவில்லை. திருக்காட்சி மாலைச் செபத்தில் பாடும் முன்மொழி என்ற சிறு பாடல் விண்மீன் ஞானிகளை அழைத்ததையும், கானாவில் தண்ணீர் இரசமானதையும், யோர்தான் திருமுழுக்கையும் ஒரே நாளின் மூன்று அருஞ்செயல்களாகப் பாடுகிறது. அதன்பின் வரும் ஞாயிறு திருமுழுக்கு. மூன்றாண்டு வாசகச் சுற்றில் மூன்றாம் ஆண்டின் அடுத்த ஞாயிறு கானா. வரிசை தற்செயல் அல்ல.

இனி வீட்டில் செய்ய வேண்டியவை. குடிலில் தொடங்குங்கள். டிசம்பர் 24 இரவு வரை தீவனத்தொட்டி காலியாக இருக்கட்டும்; பூசை முடிந்து வந்து வீட்டிலுள்ள இளைய பிள்ளை கையால் குழந்தை இயேசு சொரூபத்தை வைக்கச் சொல்லுங்கள். ஞானிகளின் சொரூபங்களை அப்போதே குடிலுக்குள் வைக்க வேண்டாம். வீட்டின் கிழக்குப் பக்கம் ஒரு அலமாரியிலோ சன்னல் மேடையிலோ வைத்து, தினமும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு வந்து, திருக்காட்சிக்கு முந்தின மாலை குடிலில் சேருங்கள். பிள்ளைகளுக்கு எந்த விளக்கமும் இல்லாமலே காலக்கணக்கு புரிந்துவிடும். பச்சைக்காகக் கேழ்வரகோ நெல்லோ முளைக்கப் போடுகிறவர்கள் டிசம்பர் 15 வாக்கில் ஒரு தடவை போடுவது வழக்கம். அது ஜனவரி வரை தாங்காமல் மஞ்சளாகிச் சாயும். 23-ஆம் தேதி இன்னொரு தட்டு போட்டால் ஞானிகள் வரும்போது புதுப் பச்சை இருக்கும். வைக்கோல் கூரைமேல் சீரியல் பல்பு மாலையை நேராகப் படரவிடாதீர்கள். மூன்று வாரம் காய்ந்த வைக்கோல் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். கம்பியைச் சட்டத்தில் கட்டி, இரவு படுக்குமுன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

வீட்டு ஆசீர்: ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மனி, ஆஸ்திரியா, போலந்தில் வேரூன்றிய பழக்கம் நிலைக்கதவின் மேல் சுண்ணக்கட்டியால் எழுதுவது. பங்கில் திருப்பலி முடிந்ததும் சுண்ணக்கட்டியையும் தண்ணீரையும் குருவானவரிடம் மந்திரித்து வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் எல்லாரும் தலைவாசலில் கூடி, "இவ்வீட்டுக்கும் இங்கு வாழும் அனைவருக்கும் அமைதி" என்று குடும்பத் தலைவரோ தலைவியோ தொடங்கி, மத்தேயு 2:1-12-ஐ ஒருவர் வாசிக்க, கர்த்தர் கற்பித்த செபத்தைச் சேர்ந்து சொல்லி, பின் எழுதுவது முறை. ஆண்டின் முதல் இரண்டு இலக்கம், மூன்று எழுத்து, கடைசி இரண்டு இலக்கம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு சிலுவை. 2027-க்கு 20 + சி + எம் + பி + 27 என்று வரும். மூன்று ஞானிகளின் முதலெழுத்து என்பார்கள். "கிறிஸ்து இவ்வீட்டை ஆசீர்வதிப்பாராக" என்ற இலத்தீன் வாக்கியத்தின் முதலெழுத்து என்றும் கொள்வார்கள். தமிழில் க, மெ, ப என்று எழுதினாலும் பொருள் மாறாது. பிறகு அறை அறையாகப் போய்த் தண்ணீர் தெளிக்கலாம். நோயாளி படுத்திருக்கும் அறையில் சற்று நின்று செபியுங்கள். வார்னிஷ் அடித்த தேக்குக் கதவில் சுண்ணம் பிடிக்காது. பிடித்தால் கறை போகாது. அங்கே ஒரு சிறு பலகையில் எழுதி மேலே மாட்டுவது நல்லது. இதைத் திருஷ்டி கழிப்பதாகவோ தாயத்தாகவோ நினைத்துவிடக் கூடாது. அந்த எழுத்துக்குத் தனி ஆற்றல் இல்லை. வாசலைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் செபிக்க நினைவூட்டுவதே அதன் வேலை.

தூபம் போட விரும்பினால் நாட்டு மருந்துக் கடையில் சாம்பிராணிக் கட்டியாக வாங்குங்கள். கப்பில் வரும் உடனடிச் சாம்பிராணியில் கரித்தூளும் சேர்ந்தே இருக்கும். மண் தூபக்காலில் கரித்துண்டை நன்றாகக் கனியவிட்டு, மேலே வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகே ஒரு சிட்டிகை இட வேண்டும். கரி சரியாகக் கனியாமல் போட்டால் கறுத்த புகையும் எரிச்சலும்தான் வரும். மூச்சிழுப்பு உள்ளவர்களும் கைக்குழந்தையும் இருக்கிற வீட்டில் இதை விட்டுவிடலாம். வெள்ளைப்போளமும் அதே கடையில் கிடைக்கும். பிள்ளைகள் கையில் ஒரு துண்டைக் கொடுத்து முகரச் சொன்னால், வாசகம் அவர்களுக்கு மறக்காது.

ஜெர்மனியில் 1959 முதல் சிறுவர்கள் ராஜாக்களாக வேடமிட்டு வீடு வீடாகப் பாடி, மற்ற நாட்டுக் குழந்தைகளுக்காகக் காணிக்கை சேர்க்கிறார்கள். நம் அன்பியங்களில், அதாவது பங்கின் சிறு குடும்பக் குழுக்களில், டிசம்பர் கேரலுக்குப் போகும் அதே குழு ஜனவரியில் ஒருநாள் மூன்று ராஜாக்களாகப் போகலாம். போகுமுன் தொகை யாருக்கு என்று முடிவுசெய்து, வீடுகளில் அதைச் சொல்லிக் கேட்டு, அடுத்த ஞாயிறு பீடத்தில் கணக்குச் சொல்ல வேண்டும். இதைச் செய்யாததால்தான் கேரல் காணிக்கை பல ஊர்களில் சண்டையில் முடிகிறது.

பங்கு வழிபாட்டில் ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள். திருக்காட்சியன்று நற்செய்திக்குப் பின் அந்த ஆண்டின் சாம்பல் புதன், உயிர்ப்புப் பெருவிழா, ஆண்டவரின் விண்ணேற்றம், தூய ஆவி பெருவிழா முதலிய நாள்களைப் பாடி அறிவிக்கும் சடங்கு உண்டு. அச்சடித்த காலண்டர் இல்லாத காலத்தில் உயிர்ப்பு நாளை மக்கள் அறிந்துகொண்டது இப்படித்தான். இன்றும் அதைப் பாடினால், குடிலுக்கு முன் நிற்கும்போதே வெறுமைக் கல்லறையின் தேதி காதில் விழும். 2027-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 28.

தேதிக் கணக்கு: இந்தியாவில் கத்தோலிக்கர் திருக்காட்சியை ஜனவரி 2 முதல் 8-க்குள் வரும் ஞாயிறில் கொண்டாடுகிறார்கள். 2027-இல் ஜனவரி 3, 2028-இல் ஜனவரி 2, 2029-இல் ஜனவரி 7. ஆண்டவரின் திருமுழுக்கு அடுத்த ஞாயிறு; ஆனால் திருக்காட்சி 7 அல்லது 8-ஆம் தேதியில் விழுந்தால் மறுநாள் திங்களே திருமுழுக்கு விழா. எனவே 2029-இல் அது ஜனவரி 8. ஜனவரி 6-ஐ அந்தத் தேதியிலேயே கொண்டாடும் சபைகளில் இந்தக் கணக்குத் தேவையில்லை. குடிலைத் திருமுழுக்கு விழா மாலையில் கலைக்கலாம். சில இடங்களில் ஆண்டவரைக் கோவிலில் அர்ப்பணித்த பிப்ரவரி 2 வரை வைத்திருப்பார்கள். அதுவும் பழைய வழக்கமே. சொரூபங்களைத் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றி, ஈரமான வைக்கோலோடு சேர்க்காமல் பெட்டியில் வையுங்கள். ஈரம் சேர்ந்தால் பூஞ்சை பிடித்து வர்ணம் உரியும். ஞானிகள் மூவரையும் தனிப் பெட்டியில் வைத்தால், அடுத்த டிசம்பரில் குடிலோடு சேர்த்து அவர்களையும் அவசரமாக எடுத்து வைத்துவிட மாட்டீர்கள்.